பசை வாளி வரலாறு

திருவொற்றியூரில் முதன்முதலாக வாக்குறுதி கொடுத்துவிட்டு ஊரைவிட்டு ஓடியவர் எந்தக் கட்சிக்காரரும் இல்லை. சுந்தரமூர்த்தி நாயனார். திருவாரூரில் பரவையார் காத்திருக்க, இங்கே கோயிலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்த்தார், மனசு போய்விட்டது. பெண் கேட்டு சிவபெருமானையே தூது அனுப்பினார். சங்கிலியார் விவரமானவர். "என்னைவிட்டுப் போக மாட்டேன் என்று சத்தியம் பண்ணட்டும்" என்றார். சுந்தரர் நேரே சாமியிடம் போய், "நான் சந்நிதியில் சத்தியம் பண்ண வருவேன். அந்த நேரம் மட்டும் நீங்கள் வெளியே மகிழமரத்தில் போய் இருந்துகொள்ளுங்கள்" என்று ஏற்பாடு செய்தார். சாமியும் தலையாட்டிவிட்டு, அன்று ராத்திரியே சங்கிலியார் கனவில் போய், "மரத்தடியில் சத்தியம் வாங்கிக்கொள்" என்று போட்டுக்கொடுத்துவிட்டது. வசந்தம் வந்தது, திருவாரூர் ஞாபகம் வந்தது, நாயனார் கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் நின்று கண்ணைக் கேட்டார். சாமி ஊன்றுகோல் கொடுத்தது. கேட்டது ஒன்று, கையில் கிடைத்த இலவசப் பொருள் வேறொன்று.

இந்தக் கதையில் அலைந்தது யார் என்று பாருங்கள். சங்கிலியாரிடம் தூது போனது சாமி. மரத்தில் ஏறி உட்காரச் சம்மதித்தது சாமி. பிறகு திருவாரூரில் கோபமாக இருந்த பரவையாரைச் சமாதானப்படுத்த நடுராத்திரியில் இரண்டு தடவை தெருவில் நடந்ததும் சாமிதான். பதிகம் பாடிப் பெயர் வாங்கியது மட்டும் சுந்தரர். வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளர் எல்லாம் வருவதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்னாலேயே எங்கள் ஊரில் தொண்டன் வேலை இன்னதென்று முடிவாகிவிட்டது.

அந்த எல்லைக்குள்தான் விம்கோ நகர். வங்காள விரிகுடா காற்றில் உப்பு அப்பிக்கொண்டு கிடக்கும் ஊருக்கு வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் பெயர். சுவீடன்காரர்களின் தீப்பெட்டித் தொழிற்சாலை அது. ரயில் நிலையத்துக்கு அதன் பெயர், நகருக்கு அதன் பெயர், இப்போது மெட்ரோவுக்கும் அதன் பெயர். எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946-இல் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் விளையாட்டு பலூன் செய்துதான் தொடங்கியது. 1955-இல் என்ஃபீல்டு வந்தது. எண்ணூர்ப் பக்கம் அசோக் லேலண்ட். பலூன், நெருப்பு, டயர், புல்லட், லாரி. ஒரு கட்சி நடத்த வேறென்ன வேண்டும்? ஆள் வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போக மனமில்லாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆள். அந்த விஷயத்தில் வடசென்னைக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.

பெஞ்சு என்றேன். முதலில் இருந்தது பெஞ்சு இல்லை, பஜனை மடம். பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளிகள் கூடிய இடம் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபா. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஷிஃப்ட் சங்கு ஊதிவிடும். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பக்தி வளர்க்க நடத்திய சபை. வந்தவர்கள் கோவிந்தா போட்டுவிட்டு, மேஸ்திரி அடிப்பதையும், சாப்பிட நேரம் கிடைக்காததையும் பேச ஆரம்பித்தார்கள். புராணம் கேட்க வந்த கூட்டம் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கமாகிவிட்டது. நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. தலைவராக வந்தவர் பி.பி. வாடியா: பார்ஸி, அடையாறு பிரம்மஞான சபைக்காரர். அவர் இங்கிலீஷில் பேச, திரு.வி.க. தமிழில் சொல்ல, தொழிலாளி இரண்டையும் கேட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைப் புரிந்துகொண்டு வேலைநிறுத்தம் செய்தான். மேடையில் இருப்பவர் சொல்வதும் கீழே இருப்பவன் எடுத்துக்கொள்வதும் வேறு வேறு என்கிற நம் பொதுக்கூட்ட மரபு அங்கேயே ஆரம்பம்.

ஐந்து வருஷம் கழித்து 1923 மே 1. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னையில் நடத்தினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி கடற்கரையில் ஒரு கூட்டம். ஒரே நாளில் கட்சி, கொடி, தினம் என்று எல்லாம் அறிவித்தாகிவிட்டது. கொடிக்குச் சிவப்புத் துணி? மகளின் சேலையைக் கிழித்துக் கொடி செய்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். மேடைதோறும் கண்கலங்கச் சொல்லப்படும் கதை. அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று மட்டும் எந்த மேடையிலும் சொல்வதில்லை. வடசென்னையில் எந்தக் கட்சியானாலும் முதல் நன்கொடை வீட்டுப் பெண்ணின் பெட்டியிலிருந்துதான் போகும். சேலை அப்போது, பிறகு கம்மல்.

இனி ராயபுரத்துக்கு வருவோம். 1949. பெரியார் ஜூலையில் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். எழுபதுக்கு முப்பது பொருத்தமா என்று கட்சியே குடும்பக் கூட்டமாகிவிட்டது. செப்டம்பர் 17-இல் பவழக்காரத் தெரு ஏழாம் எண் வீட்டில் தி.மு.க. பிறந்தது. அது பெரியார் பிறந்த நாள். அவரைவிட்டுப் பிரிந்து கட்சி தொடங்க அவருடைய பிறந்த நாளையே தேர்ந்தெடுக்கிற அளவு பாசம். அதோடு விட்டார்களா? தலைவர் நாற்காலியை அவருக்காகக் காலியாகவே வைத்தார்கள். அண்ணா பொதுச்செயலாளர்தான். 1969 வரைக்கும், அதாவது இருபது வருஷம், அந்த நாற்காலியில் ஆளே இல்லை. இன்றைக்கு எங்கள் வட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மேடையில் காலியாக விட்டுப் பாருங்கள். மைக் டெஸ்டிங் முடிவதற்குள் மூன்று பேர் அதற்காகத் தனித்தனி கோஷ்டி ஆரம்பித்துவிடுவார்கள்.

மறுநாள் 18-ஆம் தேதி ராயபுரம் ராபின்சன் பூங்காவில் முதல் பொதுக்கூட்டம். கொட்டோகொட்டு என்று மழை. அண்ணா மழையில் பேசினார், மக்கள் மழையில் கேட்டார்கள். இதை நூறு புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பூங்காவுக்கே பின்னால் அண்ணா பெயர் வந்தது. நான் தேடிக்கொண்டிருப்பது அந்த நூறு புத்தகத்திலும் இல்லாத ஆளை: மைக் செட்டுக்குமேல் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றவன். கூட்டம் கலைந்த பிறகு அந்த ஈர பெஞ்சுகளை வாங்கின இடத்தில் திருப்பிப் போட்டவன். ஈர பெஞ்சு காய்ந்த பெஞ்சைப்போல இரண்டு மடங்கு கனக்கும் என்று சரித்திர ஆசிரியர்களுக்குத் தெரியாது. மறுநாள் ஷிஃப்டுக்குப் போனவனுக்குத் தெரியும். "இன்னாடா, கட்சி ஆரம்பிச்சீங்களாமே?" என்று கேட்டிருப்பார்கள். தும்மல்தான் பதிலாக வந்திருக்கும்.

கட்சி தொடங்கி மூன்றாம் வருஷம் முதல் பொதுத்தேர்தல். தி.மு.க. நிற்கவில்லை. திராவிட நாடு கொள்கைக்கு ஒப்புக்கொள்கிறவர்களுக்கு ஆதரவு என்று சொல்லிவிட்டது. ஆகையால் தொண்டன் தன் வாழ்க்கையின் முதல் தேர்தலில் ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கு இலை போட்டான். காமன்வீல் கட்சிக்கு வேலை செய்தான், உழைப்பாளர் கட்சிக்கு வேலை செய்தான். தொண்டை கிழிந்தது. ஜெயித்துப் போனதும் காமன்வீல் தலைவர் மாணிக்கவேலு நாயகர் ராஜாஜி மந்திரிசபையில் மந்திரியானார். உழைப்பாளர் கட்சி ராமசாமிப் படையாச்சியார் அடுத்து காமராசர் மந்திரிசபையில் மந்திரியானார். தேர்தலிலேயே நிற்காத ராஜாஜி மேலவை வழியாக முதலமைச்சர். தொண்டனுக்கு ஜனநாயகத்தின் முதல் பாடம் இப்படி இலவசமாகக் கிடைத்தது. அவன் பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடாமல் படிப்பகம் திறந்தான்.

படிப்பகம் என்றால் ஒரு கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு கேரம் போர்டு, நாலு பத்திரிகை. பத்திரிகையைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் சத்தமாகப் படிப்பான், மீதிப் பேர் கேட்பார்கள். சலூனிலும் இதே கதைதான். அங்கே கூடுதல் வசதி, கழுத்தில் கத்தி இருக்கும்போது எதிர்க்கட்சிக்காரன் மறுத்துப் பேச மாட்டான். இந்தக் கேரம் போர்டுகளைப் பற்றி ஒருவரும் ஆராய்ச்சி செய்யவில்லை. கொள்கை ஆளை வாசல் வரைக்கும் கூட்டி வரும். உள்ளே உட்கார வைத்தது கேரம் போர்டுதான் என்பது என் கட்சி. பெண்டாட்டி "எங்கே போற?" என்று கேட்டால் "கட்சி வேலை" என்று சொல்லலாம். அதைவிட மரியாதையான பதில் வடசென்னை ஆம்பிளைக்கு அதுவரைக்கும் கிடைத்ததில்லை.

1959-இல் சென்னை மாநகராட்சித் தேர்தல். தொண்ணூறு இடங்களில் நின்று நாற்பத்தைந்தில் ஜெயித்தது கட்சி. அ.பொ. அரசு மேயரானார். வெற்றிக் கூட்டத்தில் அண்ணா, உழைப்புக்குப் பரிசாகக் கருணாநிதிக்குக் கணையாழி போட்டார். கூட இருந்த கண்ணதாசனுக்கு வயிறு எரிந்தது. அவர் பிறகு 'வனவாசம்' எழுதியபோது, அந்த மோதிரத்தை வாங்கிக் கொடுத்தவரே போட்டுக்கொண்டவர்தான் என்று எழுதிவைத்தார். எது உண்மை என்று அறுபது வருஷமாக மேடை போட்டுச் சண்டை நடக்கிறது. எனக்கு இரண்டு தரப்பும் ஒன்றுதான். விரலைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தத் தேர்தலில் தெருத்தெருவாக நடந்தது கால். அதற்கு ஒரு மெட்டிகூட யாரும் போடவில்லை.

அப்போதெல்லாம் துட்டு ஒரே திசையில்தான் போயிற்று. தெருவிலிருந்து கட்சிக்கு. உண்டியல் குலுக்கி, துண்டை விரித்து, நாடகம் போட்டு, காலணா அரையணாவாகச் சேர்த்தார்கள். 1967 தேர்தலுக்குப் பத்து லட்சம் வேண்டும் என்றார் அண்ணா. கருணாநிதி பதினொரு லட்சம் சேர்த்துக் கொடுத்தார். வேட்பாளர் பட்டியல் படிக்கும்போது சைதாப்பேட்டைக்கு வந்ததும், ஆளின் பெயரைச் சொல்லாமல் 'பதினொரு லட்சம்' என்றே அண்ணா அறிவித்தார். அந்தப் பதினொரு லட்சத்தில் எத்தனை காசு ஓட்டைக் காசு, எத்தனை காசு மீன் வாசனை அடித்தது என்று எண்ணினவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து உண்டியல் என்றால் கட்டாயம் அடித்திருக்கும்.

1967-ஐச் சொல்லாமல் நகர முடியாது. பசை வாளியின் பொற்காலம் அது. ஜனவரி 12-ஆம் தேதி ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். குண்டு கழுத்தில். ஆஸ்பத்திரியில் கழுத்துக் கட்டோடு எடுத்த போட்டோ போஸ்டராகி வந்தது. வாத்தியார் பரங்கிமலையில் வேட்பாளர்; ஒரு தெருவில்கூட இறங்கிப் பிரசாரம் செய்யவில்லை. போஸ்டர் செய்தது. ஒட்டுகிறவன் செய்தான் என்று சொல்ல வேண்டும்.

போஸ்டர் ஒட்டுவது சாமானியக் காரியம் இல்லை. மைதாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிண்ட வேண்டும். விட்டால் கட்டி தட்டும். கட்டி தட்டினால் தலைவர் முகத்தில் கொப்புளம் விழும். கொஞ்சம் மயில்துத்தம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் விடிவதற்குள் ஆடு வந்து வேட்பாளரைத் தின்றுவிடும். ஆட்டுக்குக் கட்சி பேதமில்லை. பசை நன்றாக இருக்கிறதா என்பது மட்டும்தான். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஒருவன் ஏணி, ஒருவன் வாளி, ஒருவன் போஸ்டர் கட்டு, ஒருவன் போலீஸ் வருகிறதா என்று பார்க்க. எதிர்க்கட்சிக் கோஷ்டியும் அதே நேரத்துக்கு அதே சுவருக்கு வரும். சண்டை வருமா என்றால் வரும். ஆனால் அவன் காலையில் அதே கம்பெனியில் பக்கத்து மெஷினில் நிற்பவன். ஆகவே பெரும்பாலும், "உங்காளு மேலே இருக்கட்டும், எங்காளு கீழே இருக்கட்டும், பீடி இருக்கா?" என்று முடியும். விடிந்தால் ஒரே சுவரில் காமராசரும் அண்ணாவும் சம்பந்தி மாதிரி நிற்பார்கள்.

சுவர் பிடிப்பது இன்னொரு கலை. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே வெள்ளையடித்து ஓரத்தில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால் அது பட்டா. வீட்டுக்காரர் வாசலில் நின்று, "என் சுவருப்பா அது" என்பார். "உங்க சுவருதாங்க, யாரு இல்லேன்னா?" என்று பதில் வரும், பிரஷ் நிற்காது.

அந்தத் தேர்தலில் தொண்டனுக்கு வந்த நிஜமான சோதனை வேறு. குலக்கல்வித் திட்டம் என்று 1953-இல் எந்த ராஜாஜியை 'ஒழிக' என்று கத்தினானோ, அதே ராஜாஜியின் சுதந்திராக் கட்சி இப்போது கூட்டணி. ஒரே தொண்டை, ஒரே ஆள், பதினாலு வருஷத்தில் ஒழிக போய் வாழ்க. தலைவர்கள் அதற்கு விளக்கம் கொடுத்தார்கள். தொண்டன் விளக்கம் கேட்கவில்லை. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று கத்திக்கொண்டே நடந்தான். படுத்துக்கொண்டே ஜெயிப்பேன் என்று சொன்னதாகப் பெயர் வாங்கிய காமராசர், விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். தி.மு.க.வுக்கு 137 இடம். கோட்டைக்குப் போனார்கள். மூன்று படி அரிசி கடைசிவரை லட்சியமாகவே இருந்தது. ஒரு படி நிச்சயம்கூடச் சென்னையிலும் கோவையிலும்தான் கொஞ்ச காலம் நடந்தது.

அதன்பிறகு 1972 அக்டோபரில் வாத்தியாரைக் கட்சியைவிட்டு நீக்கினார்கள். 17-ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. கோட்டையில் கட்சி உடைந்ததாகப் பத்திரிகை எழுதியது. உண்மையில் உடைந்தது படிப்பகம். கேரம் போர்டு யாருக்கு? பெஞ்சில் ஒன்று உங்களுக்கு, ஒன்று எங்களுக்கு என்று பிரிக்கலாம். கேரம் போர்டை எப்படிப் பிரிப்பது? அண்ணன் இங்கே, தம்பி அங்கே. ஒரே வீட்டு வாசலில் இரண்டு கொடி. அம்மாக்காரி இரண்டுக்கும் நடுவில் துணி காயப்போட்டாள். உடன்பிறப்பு என்று ஒருவரும், ரத்தத்தின் ரத்தம் என்று இன்னொருவரும் தொண்டனை அழைத்தார்கள். சொந்த ரத்தமும் சொந்த உடன்பிறப்பும் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளவில்லை.

மறுவருஷமே இன்னொரு இடி. மாநகராட்சியில் மஸ்டர் ரோல் ஊழல்: வராத ஆளுக்கு வந்ததாகச் சம்பளம். 1973-இல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல். 1688-இல் தொடங்கின மாநகராட்சிக்கு இருபத்துமூன்று வருஷம் கவுன்சிலரே கிடையாது. திருவொற்றியூர் அப்போது தனி நகராட்சி, எங்களுக்கு நேரடியாக வலி இல்லை. ஆனால் தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் 'அடுத்த கவுன்சிலர் நான்தான்' என்று வெள்ளைச் சட்டை தைத்து வைத்தவர்கள் சட்டை மஞ்சளாகி, பிள்ளைக்குத் தைத்து, பிள்ளைக்கும் தொப்பை போட்ட பிறகு தேர்தல் வந்தது. அந்தக் காலத்தில் பதவிப் பசியை ஆற்றக் கட்சிகள் கண்டுபிடித்தவைதான் அணிகள். இளைஞர் அணி, மாணவர் அணி, மீனவர் அணி, தொண்டர் அணி, நெசவாளர் அணி, இலக்கிய அணி. எல்லா அணிக்கும் செயலாளர், துணைச் செயலாளர், அமைப்பாளர், துணை அமைப்பாளர். நெசவே இல்லாத தெருவிலும் நெசவாளர் அணித் துணை அமைப்பாளர் இருப்பார். ராட்டையைப் படத்தில் பார்த்திருப்பார். நெருக்கடி நிலையில் மிசா சட்டத்தில் உள்ளே போய் வந்தவர்களுக்கு 'மிசா' என்பது இனிஷியலாகி, இனிஷியலைவிடப் பெரிதாகி, கல்யாணப் பத்திரிகையில் பட்டப்படிப்புக்கு நிகராக அச்சாயிற்று. அவர்கள் பட்ட அடிக்கு அது தகும். மிசா காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் அந்த இனிஷியல் எப்படி வந்தது என்பது தனி ஆராய்ச்சி.

சின்னத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு 1989-இல் இரட்டை இலை முடங்கியது. ஜானகி அம்மாவுக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதாவுக்குச் சேவல். சுவர் எழுதுகிறவனுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். இலை வரைந்து பழகின கைக்குப் புறா படியாது. ஒரு சுவரில் புறா காக்காய் மாதிரி வந்தது, இன்னொன்றில் சேவல் புறா மாதிரி வந்தது. எதிர்க்கட்சிக்காரன் மட்டும் நிம்மதியாக அரை வட்டம் போட்டு, அதில் கோடு கோடாக இழுத்துச் சூரியன் என்று முடித்துவிட்டுப் போனான். ஜெயித்தது அவன்தான்.

முடக்கம் 2017-இல் எங்கள் பக்கத்துத் தொகுதிக்கே வந்தது. ஜெயலலிதா இறந்து காலியான ராதாகிருஷ்ணன் நகர். இரட்டை இலை மறுபடி முடங்க, ஒரு அணிக்கு இரட்டை மின்கம்பம், ஒரு அணிக்குத் தொப்பி. சென்னை வெயிலில் ஏப்ரல் மாதம் தொப்பி போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டார்கள். கொள்கைக்காக மொட்டை போட்டவனைப் பார்த்திருக்கிறோம், கொள்கையே தொப்பியானதை அன்றுதான் பார்த்தோம். வருமான வரிச் சோதனையில் ரூ.89 கோடி பட்டுவாடாவுக்குக் கணக்கெழுதின தாள்கள் கிடைத்ததாகச் செய்தி வந்தது. ஏப்ரல் 12-இல் நடக்க வேண்டிய தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது.

பதினொரு லட்சத்தை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? அது மாநிலம் முழுவதும் தெருவிலிருந்து கட்சிக்குப் போனது. இது ஒரே தொகுதியில் தெருவுக்கு வர இருந்ததாகச் சொல்லப்பட்டது. துட்டு திசை திரும்பிவிட்டது. நடுவில் எங்கே, எந்த வருஷம், எந்தத் தெரு முனையில் யூ டர்ன் அடித்தது என்று கேட்டால் எல்லாக் கட்சிக்காரர்களும் அடுத்த கட்சிக்காரனைக் கைகாட்டுவார்கள். ஆனால் ஒன்று கவனித்தேன். காசு மேலே போனபோது உண்டியலைத் தூக்கியது தொண்டன். காசு கீழே வந்தபோது வோட்டர் லிஸ்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்ததும் அவன்தான். இரண்டு தடவையும் அவன் வீட்டு வாடகை பாக்கி.

டிசம்பர் 21-இல் தேர்தல் நடந்தது. இந்தத் தடவை, தொப்பி அணியின் டி.டி.வி. தினகரனுக்குக் குக்கர். இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று எல்லோரும் குற்றம் சொன்னார்கள். அவர் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தி.மு.க.வுக்கு டெபாசிட் போயிற்று. பாரதிய ஜனதாவுக்கு 1,417 ஓட்டு, நோட்டாவுக்கு 2,373. நோட்டாவுக்கு வட்டச் செயலாளர் கிடையாது. பூத் ஏஜென்ட் கிடையாது. ஒரு சுவர்கூடப் பிடிக்கவில்லை, ஒரு பிரியாணிப் பொட்டலம் வாங்கித் தரவில்லை. அந்த முடிவு வந்த அன்று எங்கள் டீக்கடையில் பல கட்சித் தொண்டர்களும் முதல்முறையாக ஒரே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். "அப்ப நாமெல்லாம் இன்னாத்துக்கு?" என்று ஒருவர் கேட்டார். டீ மாஸ்டர், "டீக்கு" என்றார்.

2011-இல் எங்கள் திருவொற்றியூர் நகராட்சியும் கத்திவாக்கமும் சென்னையோடு சேர்ந்தன. முதல் மண்டலம் நாங்கள்தான்; எண்ணில் மட்டும். நகராட்சித் தலைவர் கனவில் இருந்தவர்கள் வார்டு கவுன்சிலர் கனவுக்கு இறங்கினார்கள். 2016 உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தோடு நின்றது. மறுபடி ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் இல்லாத சென்னை. அந்தத் தேர்தலுக்கு முன்பே பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்திருந்தது. சாவு, சடங்கு, காதுகுத்து எதையும் விடாமல் போய் வார்டைத் தயார் செய்து வைத்தவரின் வார்டு பெண்கள் வார்டாக அறிவிக்கப்படும். "அண்ணி நிக்கட்டும்ணே" என்பார்கள் சுற்றி நிற்பவர்கள். அண்ணிக்கு, அவர் வீட்டிலேயே இல்லாமல் ஊருக்கு உழைத்த கணக்கு எல்லாம் அப்போதுதான் பைசல் ஆகும். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தபோது சில அண்ணிகள் ஜெயித்த பிறகு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று அண்ணனைக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். வடசென்னை அரசியலில் சமீபத்திய உருப்படியான மாற்றம் அது என்பேன். அண்ணன்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மெட்ரோவும் வந்துவிட்டது. 2021 பிப்ரவரி 14-இல், ஏப்ரல் தேர்தலுக்கு ஏழே வாரம் இருக்கும்போது, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை பிரதமர் திறந்துவைத்தார். நான்தான் கொண்டுவந்தேன் என்று எத்தனையோ பேர் போஸ்டர் அடித்தார்கள். ஒட்டுவதற்கு வாகாகத் தூண்களையும் மெட்ரோவே வரிசையாக நட்டுக் கொடுத்திருந்தது.

இப்போது பசை வாளி குறைந்துவிட்டது. ஃப்ளெக்ஸ், வாட்ஸ்அப், மேலிடத்திலிருந்து வரும் சர்வே கம்பெனிப் பையன்கள். பையன் டேப்லெட்டைப் பார்த்து, "இந்தத் தெருவில் உங்களுக்கு எத்தனை உறுதியான ஓட்டு சார்?" என்று கேட்பான். பூத்தில் விடியற்காலை ஐந்தரைக்கே போய் உட்கார்ந்து, ஐம்பது மாதிரி ஓட்டு எண்ணிப் பார்த்து, சாயங்காலம் வரைக்கும் ஒன்றுக்குக்கூடப் போகாமல் பட்டியலில் கோடு போட்ட ஆள், அவனை ஏற இறங்கப் பார்ப்பார்.

2025 நவம்பரில்தான் காட்சி மாறியது. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். எல்லோரும் படிவம் நிரப்ப வேண்டும். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில் இருந்தது என்று எழுத வேண்டும். டேப்லெட் பையன்கள் திணறினார்கள். தெருவே கிளம்பி எங்கள் பக்கத்துப் பழைய பூத் ஏஜென்ட் பெரியவர் வீட்டு வாசலில் நின்றது. ஒரு காலத்தில் கை வலிக்க வலிக்கப் பூத் சிலிப் எழுதினவர் அவர். எல்லாக் கட்சிக்காரர்களும் வரிசையில் இருந்தார்கள். அவர் திண்ணையில் குந்திக்கொண்டு, பட்டியலைப் பிரிக்காமலே சொல்லிக்கொண்டு போனார். "உங்க நைனா அப்போ குப்பத்து பூத்து. அடுத்த பக்கம் பாரு. உன் பேரு வராது, நீ அப்போ ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கினு மணலியில இருந்த."

வரிசையில் நின்ற எதிர்க்கட்சி வட்டச் செயலாளர், "தலைவரே, நம்மளுது?" என்றார்.

"உன்னுதா? அந்த லிஸ்டுல நீ ரெண்டு எடத்துல இருந்தே. எது வேணும் சொல்லு."